இன்னும் தேறவில்லை

மஞ்சள் பலகையில் ஆக்காரன் என்று ஊர்ப்பெயர்.
பால்காரன், பூக்காரன் வரிசையில்
இவன் எந்தக் காரன் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.
வண்டியில் இருந்த மூவருக்கும்
இதை விளங்கவைக்க முடியாது. விட்டுவிட்டேன்.

இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம்
ஓட்டுநர் உரிமம் வாங்கியவள் நான்.
ஃப்ரைபுர்க் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில்
குடிக்காதவளும் நான் ஒருத்திதான்.
என்னைக் கேட்காமலே
என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

மலை முழுக்கக் கம்பி.
கம்பி முழுக்கக் கொடி.
பச்சையும் மஞ்சளுமாய் யாரோ
உதறி உதறிக் காயப்போட்டிருக்கிறார்கள்.
விடுமுறையிலும் எனக்கு வேலைதான் ஞாபகம்.
சரிவில் முதுகு வளைத்த ருமேனியப் பெண்களில் ஒருத்தி
நிமிர்ந்து எங்கள் வண்டிக்கு வழிவிட்டாள்.
அவள் கையுறைக் கறை
எந்தச் சோப்புக்கும் போகாது. எனக்குத் தெரியும்.

ரப்பர் பூட்ஸில் வந்தாள் தோட்டக்காரி லியோபா.
ஒரு கருங்கல்லை நீட்டி, நக்கிப் பாருங்கள் என்றாள்.
கெர்லிண்டே மறுத்தாள். மிர்சாடா துடைத்துவிட்டு மறுத்தாள்.
கல் சுட்டது.
மலை எரிந்து அணைந்து
ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.
"இந்தச் சூடு இன்றைய வெயில்.
எரிமலைக்கு இதில் பங்கில்லை" என்றாள்,
விற்க வந்தவளுக்கு இருக்கக் கூடாத நேர்மையோடு.
நக்கினேன்.
எச்சில் தொட்டு அழித்த சிலேட்டின் ருசி.
ஜெர்மனில் சொல்லத் தெரியாமல்
நல்லது என்றேன்.

வண்டல் சுவரில் வரிசையாய்ப் பொந்துகள்.
பஞ்சுருட்டான்கள் போன மாதமே
ஆப்பிரிக்கா போய்விட்டனவாம்.
எந்த வழியாக, என்று கேட்டான் ஹப்டோம்.
லியோபாவுக்குத் தெரியவில்லை.
அவனுக்கு ஒரு வழி தெரியும்,
எதிர்த் திசையில்.
ஒரு பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு
கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெங்காய அடையோடு வந்தது புது மது.
நாவல்பழம் கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கல்.
மூன்று பேரும் இரண்டு சுற்றுக் குடித்தார்கள்.
எனக்குப் பழச்சாறு.
வாசனை மட்டும் பார்த்தேன்: இட்லி மாவு
பொங்கி மூடியைத் தூக்குகிற காலை.
போத்தலின் மூடியிலேயே துளை.
இறுக்கினால் வெடிக்கும், சாய்த்தால் கொட்டும்,
நிறுத்தியே கொண்டுபோங்கள் என்றாள் லியோபா.
பழைய தமிழில் மதுவுக்குத் தேறல் என்று பேர்.
தெளிந்தால்தான் தேறல்.
இது தேறாதது.
முதல் இரண்டு தரமும்
பரீட்சைக்காரர் தாளில் எனக்கு எழுதிய அதே சொல்.
பையைத் திறந்து
என் காசில் ஒன்று வாங்கினேன்.
யாருக்கு என்று கேட்டாள் கெர்லிண்டே.
தெரியவில்லை என்றேன். உண்மைதான்.

இறக்கத்தில் இரண்டாம் கியர்.
மிர்சாடாவின் முழங்கால்களுக்கு நடுவே
உஸ் உஸ் என்று ஐந்தாவது ஆள்.
மூன்றாவது வளைவில் ஒரு டிராக்டர்,
திராட்சை ஏற்றி, நடுரோட்டில்.
பிரேக் பிடித்தேன். நன்றாகத்தான் பிடித்தேன்.
ஆனாலும் மிர்சாடாவின் வெள்ளைக் கால்சட்டையில்
பாதி மலை.

உப்பு, என்றாள் கெர்லிண்டே.
குளிர்ந்த தண்ணீர், உடனே, என்றாள் மிர்சாடாவே.
பால், என்றான் ஹப்டோம்.
வினிகர், என்றேன்.
நான்கு சலவைக்காரர்கள், நான்கு வைத்தியம்,
ஒருவர் சொன்னது ஒருவருக்குப் பிடிக்கவில்லை.
டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான்.
சிரித்துச் சிரித்து
கிளட்சில் என் கால் நழுவி
வண்டி நின்றேபோனது,

முதல் பரீட்சையில் நின்றது போலவே.
இந்த முறை
யாரும் எதுவும் எழுதவில்லை.
மிச்சப் பாதி, மிர்சாடா கையில்,
உஸ் என்றது.